காஸிமியாவுக்குப் போய்வரும் ஃப்ரிட்ஜ்

மொகுதூம் வாங்கிய ஃப்ரிட்ஜ் முதல் தடவை வீட்டைவிட்டுக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை, ஷார்ஜாவில் ரோலாவைச் சுற்றியுள்ள பள்ளிவாசல்களிலெல்லாம் ஜும்மா நடந்துகொண்டிருந்த நேரம். மூன்றாம் மாடியிலிருந்து படிவழியே, கனமான பீரோவை ஆட்கள் மூலைக்கு மூலை நகர்த்துவார்களே அதே மாதிரி, இடது காலை ஊன்றி வலது காலை எடுத்துவைத்து, வலது காலை ஊன்றி இடது காலை எடுத்துவைத்து, பின்பக்கத்து வயரை வால்போல இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் உள்ளேயிருந்த முட்டைத் தட்டு கலகலக்க இறங்கி, வாசலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் மொத்தாலிப்பைத் தாண்டி, வெயிலில் ஒரு கணம் நின்று திசை பார்த்து, காஸிமியா பக்கம் நடந்தது.

தொழுதுவிட்டுத் திரும்பிய மொகுதூம், சமையலறையில் ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் நான்கு கால்தடங்கள் மட்டும் இருக்கக் கண்டு, திருடன் வந்துவிட்டான் என்று கீழே ஓடினான்.

“யாராவது ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டுப் போனாங்களா?”

“யாரும் தூக்கலை சார். அதுவாத்தான் போச்சு,” என்றான் மொத்தாலிப்.

“அதுவாவா? நீ தடுக்கலையா?”

மொத்தாலிப்பின் முகம் சுருங்கியது. இத்தனை வருஷ சர்வீஸில் தன் வேலையை ஒருவரும் குறை சொன்னதில்லை என்பது அவன் எண்ணம். “வெளியே போற சாமானை யார் கொண்டுபோறான்னு கேக்கச் சொல்லியிருக்காங்க சார். இதை யாரும் கொண்டுபோகலையே, யாரைக் கேக்க? லிஃப்ட்டில ஒரு குடும்பம் ஏறிச்சு, அவங்களுக்கு ஒதுங்கி நின்னு வழிவிட்டுட்டு வாசப்படி இறங்கிச்சு. மரியாதையான சாமான்.”

மொகுதூமுக்குத் தலை சுற்றியது. ஃப்ரிட்ஜ் நடந்துபோனதற்காக அல்ல. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மனைவி ருகையா வந்து இறங்கப்போகிறாளே என்று.

தனக்கென்று ஒரு வீடு அவனுக்கு வாய்த்ததே அப்போதுதான். அவன் காயல்பட்டினத்துக்காரன். அந்த ஊரில் கல்யாணமானால் பெண் எங்கும் போவதில்லை. அவளுக்கென்று ஒரு வீடு இருக்கும், மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பான். ஆகையால் மொகுதூம் பிறந்து வளர்ந்தது உம்மாவின் வீட்டில், நிக்காஹுக்குப் பிறகு வாழ்ந்தது ருகையாவின் வீட்டில், ஷார்ஜாவுக்கு வந்தபின் பேச்சிலர் ரூமில் இரும்புக் கட்டிலின் மேல் அடுக்கில். டைல்ஸ் கடையில் நின்று ஊரார் வீட்டுத் தரைக்கெல்லாம் யோசனை சொன்னவன், வீட்டுக்கென்று ஒரு கரண்டிகூடத் தன் கையால் வாங்கியதில்லை. கடை முதலாளி அவனை சூப்பர்வைசர் ஆக்கிய நாளில், குடும்பத்தைக் கூட்டிவரலாம் என்ற தகுதியும் சேர்ந்து வந்தது. ரோலாவில் ஃபிளாட் பிடித்துவிட்டு ருகையாவுக்கு ஃபோன் செய்தான்.

“விசிட் விசாவுல வந்து பாக்குறேன். வீடு வீடா இருந்தா இருக்கேன். இல்லைன்னா எனக்கு வீடு இருக்கு,” என்றாள் ருகையா. கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே வீடு இருந்தது.

மாமியார் ஃபோனை வாங்கி, “பொம்பளை மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் இருக்கறதை நான் கேள்விப்பட்டதே இல்லை. போகட்டும், அங்கே ஒரு ஃப்ரிட்ஜாச்சும் இருக்குதா?” என்று கேட்டார். இருக்கிறது மாமி என்று மொகுதூம் சொல்லிவிட்டான். சொன்னபோது இல்லை.

ஷார்ஜாவில் யாராவது மூட்டை கட்டினால்தான் இன்னொருவர் குடித்தனம் தொடங்க முடியும். ஒருவர் விசா முடிந்து போகிற அன்று அவருடைய கட்டில் ஒரு வீட்டுக்கும் மெத்தை ஒரு வீட்டுக்கும் மிக்ஸி ஒரு வீட்டுக்கும் போய்ச்சேரும். அப்படித்தான் காஸிமியாவில் ஃபிலோமினா டீச்சரின் சாமான்கள் விற்பனைக்கு வந்ததைக் கேள்விப்பட்டு மொகுதூம் போனான். டீச்சர் கோவாக்காரர், ஷார்ஜாவில் ஒரு பள்ளியில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, மட்காவ் ஊரில் தங்கை வீட்டோடு இருக்கப் போகிறவர். சுவரெல்லாம் படங்கள் கழற்றிய சதுரங்கள். ஜன்னலோரத்தில் வெண்ணெய் நிறத்தில், ஆள் உயரத்தில், கதவில் பிள்ளைகள் ஒட்டிய நட்சத்திரங்களின் தடத்தோடு ஃப்ரிட்ஜ் நின்றது.

“நல்ல ஃப்ரிட்ஜ். சத்தம் போடாது. ஐஸ் கட்டிக்காது,” என்றார் டீச்சர் இந்தியில். “பாசம்தான் கொஞ்சம் ஜாஸ்தி.”

பாசம் என்பதற்கு டீச்சர் சொன்ன சொல்லை, கம்ப்ரஸரில் ஏதோ பழுது என்று எடுத்துக்கொண்ட மொகுதூம், “பரவாயில்லை டீச்சர், ஆளை வச்சுச் சரிபண்ணிக்கலாம்,” என்று சொல்லி விலை பேசி முடித்தான்.

சாமான் ஏற்ற வந்தவர் பிக்கப் ஓட்டும் ஷேர் ஸமான், பாகிஸ்தானின் ஸ்வாத் பக்கத்துப் பட்டாணியர், பீரோக்களையும் சோபாக்களையும் முதுகில் சுமந்து சுமந்து தோள் இரண்டும் சமதளமாகிவிட்ட மனிதர். “ஃப்ரிட்ஜை நிக்கவச்சுத்தான் கொண்டுபோகணும் பாய். படுக்கவச்சா உள்ளே இருக்கற கேஸ் தலைக்கு ஏறிடும்,” என்றபடி பட்டையைப் போட்டு முதுகில் ஏற்றினார். ஒவ்வொரு மாடி இறங்கும்போதும் கனம் கூடுகிறது என்று திட்டிக்கொண்டே வந்தார். பிக்கப்பில் முன்பக்கம் பார்க்க வைத்துக் கட்டிய ஃப்ரிட்ஜ், ஒவ்வொரு வேகத்தடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, ரோலா வந்துசேர்ந்தபோது முழுக்கப் பின்பக்கம் பார்த்து நின்றது. “கயிறு தளர்ந்துபோச்சு,” என்றார் ஷேர் ஸமான். கயிறு தளரவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. ஆனால் இருவருக்கும் பசி.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை மொத்தாலிப் கை காட்டிய திசையில் ஓடிய மொகுதூமுக்கு, எங்கே போவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. டீச்சர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஃப்ரிட்ஜ் ஜன்னலோரத்தில் பழைய இடத்தில் நின்று, பிளக் மாட்டப்பட்டு, நிம்மதியாக உறுமிக்கொண்டிருந்தது. டீச்சர் அதற்குள் வெண்ணெய் டப்பாவை வைத்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், நீங்க இடம் கொடுக்கறதாலதான் வருது,” என்றான் மொகுதூம்.

“நான் என்ன செய்ய? வாசல்ல நின்னு கதவை முட்டுது. பக்கத்து வீட்ல குழந்தை தூங்குது.” கணக்கில் தவறிய மாணவனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார். “பணத்தைத் திருப்பி வாங்கிக்கறீங்களா?”

“ஐயோ வேண்டாம். என் வீட்டுக்காரி வர்றா டீச்சர்.”

டீச்சர் பெருமூச்சு விட்டு பிளக்கைக் கழற்றினார். ஷேர் ஸமான் மறுபடி வந்தார், மறுபடி சுமந்தார். மறுநாள் மொகுதூம் கடைக்குப் போனதும் அது மறுபடி கிளம்பியது.

தெருவுக்கு அது பழகிப்போக அதிக நாள் ஆகவில்லை. காலையில் பள்ளிப் பேருந்துகள் போய் ஓய்ந்தபின் ஃப்ரிட்ஜ் ஆடி ஆடி வரும். பக்காலா என்கிற மளிகைக் கடைக்காரர் அம்மது தண்ணீர் பாட்டில் அட்டைகளை ஓரம் நகர்த்தி வழிவிடுவார். சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு நேரம் பார்த்துக்கொள்வார். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கால்களை உள்ளிழுத்துக்கொள்வார்கள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தால் வழி மறந்துவிடும் என்றான் மொத்தாலிப். கழுதைக்குக் கட்டுவதுபோல முன்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொன்னார் ஷேர் ஸமான். பழைய வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் கொண்டுவந்து ஐஸ் தட்டில் ஊற்றச் சொன்னார் எதிர் ஃபிளாட்டு நர்ஸ் ஓமனா சேச்சி. எல்லாவற்றையும் மொகுதூம் செய்து பார்த்தான். சுவரைப் பார்த்து நின்ற ஃப்ரிட்ஜ் பின்புறமாகவே நடந்துபோனது. கால் கட்டிய ஃப்ரிட்ஜ் குதித்துக் குதித்துப் போனதில் முட்டைத் தட்டு உடைந்ததுதான் மிச்சம். டீச்சர் வீட்டுத் தண்ணீர் ஐஸாகி, ஃப்ரிட்ஜோடு சேர்ந்து போனது.

போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் ரவுண்டானாவில் அதை நிறுத்தி, உரிமையாளரைக் கூட்டிவரச் சொன்னார். மொகுதூம் கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றான்.

“இது உங்களுதா?”

“ஆமா சார்.”

“ஏன் தனியா விடறீங்க?”

“சொன்னா கேக்கறதில்லை சார்.”

அவர் ஃப்ரிட்ஜை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். “ஒழுங்கா வரிக்கோட்டுலதான் ரோட்டைத் தாண்டுது, அதுல குறை இல்லை. ஆனா பின்பக்கம் ஒரே கறுப்பு. வண்டிக்காரனுக்குத் தெரியாது. சிவப்புப் பட்டை ஒட்டுங்க,” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மொகுதூம் ஒட்டினான்.

அதற்குப் பிறகு தெருவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. எப்படியும் காஸிமியாவுக்குத்தானே போகிறது என்று ஓமனா சேச்சி அங்கிருக்கும் தங்கைக்கு ஒரு பாத்திரம் மீன்கறியை அதற்குள் வைத்தனுப்பினார். தங்கை வழியில் நின்று எடுத்துக்கொண்டாள். அடுத்து தையல்காரர்கள் தங்கள் கூட்டாளிக்கு பிரியாணி அனுப்பினார்கள். சலூன்காரர் மாமனாருக்கு இன்சுலின் அனுப்பினார். அம்மது காஸிமியாக் கிளைக்கு மோர் பாக்கெட்டுகளையே அனுப்பத் தொடங்கினார். ஃப்ரிட்ஜும் அந்தந்த இடத்தில் நின்று, கதவைத் திறந்து எடுக்கவிட்டு, மூடியபின் நகரப் பழகிக்கொண்டது. ஒரு நாள் மொகுதூம் விடுப்பு எடுத்து அதைப் பிடித்துவைத்திருந்தபோது, மோர் வரவில்லையே என்று நான்கு பேர் கதவைத் தட்டினார்கள். ஊருக்கெல்லாம் உதவிய அந்த ஃப்ரிட்ஜில் அவனுடையது என்று சொல்ல ஒரு தயிர் டப்பாகூட இல்லை.

ருகையா வருகிற நாள் வந்தது. மொகுதூம் நைலான் கயிறு வாங்கி, ஃப்ரிட்ஜைச் சமையலறைக் கதவின் கைப்பிடியோடு சேர்த்து வரிந்து கட்டி, முடிச்சின்மேல் முடிச்சு போட்டு, “இன்னைக்கு ஒரு நாள் மானத்தைக் காப்பாத்து,” என்று அதனிடம் கெஞ்சிவிட்டு விமான நிலையம் போனான்.

டாக்ஸி கட்டடத்தின் முன்னால் நின்றபோது, ருகையா இறங்கி, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, தான் வாழப்போகிற கட்டடத்தை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்து, அவள் கண் வாசலுக்கு வந்த சமயம், அந்த வாசல்வழியாக ஃப்ரிட்ஜ் வெளியே வந்தது. கயிறு இழுபட்டு வந்தது; கயிற்றின் முனையில் கதவின் கைப்பிடி தரையில் தட்டித் தட்டி வந்தது.

“இது யாரு?” என்றாள் ருகையா.

பொய் சொல்ல மொகுதூமுக்கு நேரம் கிடைக்கவில்லை. “நம்ம ஃப்ரிட்ஜ்.”

“எங்கே போவுது?”

“பழைய வீட்டுக்கு. தினமும் போவுது. நானும் தினமும் கூட்டிட்டு வர்றேன்.” வீடு வீடாக இல்லை. அடுத்த விமானம் எப்போது என்று கேட்பாள். “செகண்ட் ஹேண்ட் சாமான் ருகையா. புதுசா வாங்கித் தர்றேன், கொஞ்சம் பொறுத்துக்கோ.”

ருகையா கேட்டது விமானத்தைப் பற்றி அல்ல. “கயித்தை யாரு கட்டுனது?”

“நான்தான்.”

“வீட்டுக்கு வந்ததைக் கட்டிப்போடுவாங்களா?” அவள் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜைத் தொடர்ந்து சென்று, குனிந்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அது நின்று அவிழ்க்கக் கொடுத்தது. “நீங்க மட்டும் என்னவாம்? கல்யாணமான புதுசுல விடிஞ்சா உங்க உம்மா வீட்டுக்குத்தானே ஓடுனீங்க. ராத்திரி சோத்துக்குத்தான் உங்களை எங்க வீட்டுல பாக்க முடியும். எங்க வாப்பா உங்களைக் கதவுலயா கட்டுனாங்க?”

டாக்ஸிக்காரர், மொத்தாலிப், அம்மது எல்லோரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ் தெரியாதவர்களுக்கும் மொகுதூமின் முகத்திலிருந்து விஷயம் புரிந்தது.

“இதை எப்படிக் கூட்டிட்டு வந்தீங்க?”

“பிக்கப்புல.”

“வந்ததும் என்ன கொடுத்தீங்க?”

“என்ன கொடுக்கறது? ஃப்ரிட்ஜுக்கு?”

ருகையா பெட்டியை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். ஃப்ரிட்ஜ் தன் வழியே காஸிமியாவுக்குப் போனது.

மறுநாள் அவள் மொகுதூமை முன்னால் நடக்கவிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சரிடம் தமிழில் பேசினாள். டீச்சர் கொங்கணியில் பதில் சொன்னார். நடுவில் இந்தியோடு நின்ற மொகுதூமை இருவரும் கொஞ்ச நேரத்தில் கைவிட்டுவிட்டார்கள். பேச்சு முடிந்ததும் டீச்சர் உள்ளே போய், பூப்போட்ட கவுனும் குதி உயர்ந்த செருப்புமாகத் தயாராகி வந்தார். அதைப் பார்த்துத்தான், ஃப்ரிட்ஜ்தான் மாப்பிள்ளை, மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்பது மொகுதூமுக்கு விளங்கியது.

ஊர்வலத்தை யாரும் ஏற்பாடு செய்யவில்லை, அது தானாகவே சேர்ந்தது. ஃப்ரிட்ஜ் நடுவில் நடந்தது, பின்னால் டீச்சரும் ருகையாவும், அவர்களுக்குப் பின்னால் தங்கள் மீன்கறிக்கும் மோருக்கும் நன்றிக்கடன்பட்ட காஸிமியாக்காரர்கள், எல்லோருக்கும் பின்னால் ஹாரனை விட்டுவிட்டு அடித்தபடி ஷேர் ஸமானின் பிக்கப், ஏற்றுவதற்கு ஒன்றுமில்லாமல் முதல் தடவையாக. போகும்போது ஒரு நாளும் தயங்காத ஃப்ரிட்ஜ் வரும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றது. அது நின்றால் டீச்சர் நின்றார், டீச்சர் நின்றால் ஊரே நின்றது. டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ கொடுத்தார். சலூன்காரர் பன்னீர் தெளித்தார். ரவுண்டானாவில் அந்தப் போலீஸ்காரர் நான்கு பக்கமும் வண்டிகளை நிறுத்தி, சிவப்புப் பட்டை ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

வாசலில் ருகையா முந்திக்கொண்டு போய், ஒரு செம்புத் தண்ணீரை ஃப்ரிட்ஜின் நான்கு கால்களிலும் ஊற்றித் துடைத்தாள். உள்ளே கூட்டிப்போய், சமையலறையில் சிங்க்குக்குப் பக்கத்து மூலையைக் காட்டிய மொகுதூமை ஒரு பார்வையில் நகர்த்திவிட்டு, கூடத்தில் காற்று வருகிற இடத்தில் நிறுத்தி, பிளக்கை மாட்டி, மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி பாலும் பழமும் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். அது சின்னதாக ஒரு குலுக்குக் குலுக்கி உறுமத் தொடங்கியது. பிறகு நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய தட்டில் கொட்டி, டீச்சரை எதிரே உட்காரவைத்தாள்; இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். டீச்சர் தன் பக்கத்துக் கறித்துண்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் திருப்பித் தள்ளினாள். அது தட்டின் நடுவில் வெகுநேரம் இருந்தது.

மறுநாள் காலை ஃப்ரிட்ஜ் வழக்கம்போலக் கிளம்பியது. மொகுதூம் பதறி எழுந்தான். “விடுங்க, வரும்,” என்றாள் ருகையா. சாயங்காலம் அது தானாகவே வந்தது. காஸிமியாவிலிருந்து ரோலாவுக்குச் சேரவேண்டிய பாத்திரங்களையும் அது சுமந்து வந்ததால், ஓமனா சேச்சிக்குத் தங்கையிடமிருந்து முதல் தடவையாகத் திரும்ப ஏதோ கிடைத்தது.

ஆனால் ஒரு காலையில் ஃப்ரிட்ஜ் தெருமுனை திரும்பி மறைந்தபின்னும் ருகையா ஜன்னலைவிட்டு நகராததை மொகுதூம் பார்த்தான்.

“என்ன?”

“ஒண்ணுமில்லை. அதுக்கு நடந்து போற தூரம்.” திரும்பாமலே சொன்னாள். “எனக்கு நடுவுல கடல்.”

“போகணும்னா டிக்கெட் போடறேன் ருகையா.”

“போகணும்னு சொன்னேனா? அது போறதைப் பாத்தேன்.”

அவன் அவள் பக்கத்தில் நின்றான். புது மாப்பிள்ளையாக ருகையாவின் வீட்டில் இருந்த முதல் நாட்கள் அவனுக்கு நினைவுக்கு வந்தன. எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று தெரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு, தடவித் தடவி எல்லாவற்றையும் போட்டுப் போட்டு அணைத்தது. விடிந்தால் உம்மாவின் அடுக்களைக்கு ஓடி, அங்கே எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று தெரிந்த சுகத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது. நேற்று ருகையா குளியலறை விளக்கைப் போடப்போய் அழைப்பு மணியை அடித்துவிட்டு, யார் வந்தது என்று கதவையும் திறந்து பார்த்ததும் நினைவுக்கு வந்தது. அவன் சிரித்தான், ஏன் சிரிக்கிறான் என்று தெரியாத அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், வீட்டிலிருந்த சுவிட்சுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். ஒரு சுவிட்ச் எதற்கென்று அவனுக்கும் தெரியவில்லை. அதை இருவரும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தார்கள். எங்கோ மேல் மாடியில் ஒருவர் கத்தினார்.

ஃபிலோமினா டீச்சர் ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட்டார். டாக்ஸிக்குப் பின்னாலேயே ஃப்ரிட்ஜும் விமான நிலையச் சாலைவரை போனது. சிக்னலில் போலீஸ்காரர் அதன் தோளில் கைவைத்து, இதற்குமேல் நடைபாதை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். டீச்சர் பின் கண்ணாடிவழியே கைக்குட்டையை ஆட்டிக்கொண்டே போனார்.

மறுநாளும் அது காஸிமியாவுக்குப் போய், மூடிய கதவின்முன் நின்றுவிட்டு, சாயங்காலம் திரும்பியது. அதற்கு மறுநாளும் அப்படியே. உள்ளே குளிர் குறைந்தது. அம்மதின் மோர் புளித்தது, தையல்காரர்களின் பிரியாணி ஊசிப்போனது, ஆனாலும் யாரும் புகார் சொல்லவில்லை. துக்க வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புவதுபோல, கெட்டுப்போகும் என்று தெரிந்தே ஒவ்வொருவரும் ஏதாவது வைத்தனுப்பினார்கள். மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்றான் மொகுதூம். ருகையா செருப்பை மாட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜோடு கிளம்பிவிட்டாள்.

டீச்சரின் பழைய ஃபிளாட்டில் புதிதாக ஒரு நேபாளத் தம்பதி குடிவந்திருந்தார்கள். ஒரு மெத்தையும் ஒரு குக்கரும் தவிர அவர்களிடம் ஒன்றுமில்லை. பகலெல்லாம் வாசலில் வந்து நிற்கிற ஃப்ரிட்ஜைக் கட்டடத்துக்குச் சொந்தம் என்று நினைத்து, தொடவும் பயந்து, மேலே ஈரத் துண்டை மட்டும் காயப்போட்டிருந்தார்கள். கதவைத் திறந்த பிம்லா என்ற பெண், இன்னொரு வீட்டுப் பெண் தன் துண்டை மடித்துக்கொடுப்பதைக் கண்டு வெட்கப்பட்டாள். ருகையா ஃப்ரிட்ஜைக் காட்டினாள், ஜன்னலோரத்தைக் காட்டினாள், விரல்களால் பிளக் மாட்டிக் காட்டினாள். பிம்லா கதவை அகலத் திறந்தாள். அது நேராகத் தன் பழைய இடத்துக்குப் போய் நின்றது. பிளக்கை மாட்டியதும் எழுந்த உறுமலைக் கேட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கத்தில் சிரித்தது என்று பின்னால் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் ஃப்ரிட்ஜ் திரும்பிவந்தபோது அதற்குள் ஒரு பாட்டில் முள்ளங்கி ஊறுகாய் இருந்தது. ருகையா கழுவிய பாட்டிலில் மாசிக் கருவாட்டுச் சம்பல் போட்டு அனுப்பினாள். அதற்குப் பதிலாக மோமோ வந்தது. பகலில் காஸிமியா, இரவில் ரோலா என்று அது இரண்டு வீட்டுக்கும் பொதுவாயிற்று. ஐஸ் தட்டைக் கழுவுவது யார் முறை என்பதில் ருகையாவுக்கும் பிம்லாவுக்கும் ஒரு சண்டையே வந்தது. பாஷை தெரியாததால் இருவரும் தட்டையே திருப்பித் திருப்பி அனுப்பிச் சண்டை போட்டார்கள்.

அந்தச் சண்டையின் நடுவில்தான் ஒரு நாள், சோறு பரிமாறிக்கொண்டே, “மெடிக்கலுக்கு எப்போ போகணும்?” என்று ருகையா கேட்டாள். குடியிருப்பு விசாவுக்கு ரத்தம் கொடுக்கிற மெடிக்கல். மொகுதூம் வாயிலிருந்த சோற்றை விழுங்க மறந்து அவளைப் பார்த்தான்.

“என்ன பாக்கறீங்க? ஊசி வலிக்குமா?”

“வலிக்காது,” என்றான் மொகுதூம்.

பிறகு குளிர்காலம் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம், மொத்தாலிப் கீழிருந்து இன்டர்காமில் கூப்பிட்டான். “சார், உங்க ஃப்ரிட்ஜ் வந்துட்டிருக்கு. ஆனா தனியா வரலை.”

இருவரும் ஜன்னலுக்குப் போனார்கள். தெருமுனையில், தன் வழக்கமான நடையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, நாலடிக்கு ஒரு தடவை நின்று நின்று ஃப்ரிட்ஜ் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், ஒரு கால் உடைந்து விந்தி விந்தி, தன் தண்ணீர்க் குழாயைக் கழுத்தில் மாலைபோலச் சுற்றிக்கொண்டு, வட்டக் கண்ணாடி முழுக்கப் புழுதி படிந்த ஒரு சின்ன வாஷிங் மெஷின் வந்தது. யாருடையது என்று தெருவில் எவருக்கும் தெரியவில்லை. ரவுண்டானாவில் சேர்ந்துகொண்டது என்றார் அம்மது. இல்லை, பூங்காவுக்குப் பின்னால் குப்பைத் தொட்டியோரம் சில நாட்களாகவே நின்றது, ஃப்ரிட்ஜ்தான் நின்று பேசிக் கூட்டிவந்தது என்றார் சலூன்காரர்.

அவை படியேறி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மொகுதூம் கதவைப் பாதி திறந்து நின்றான். “யார் வீட்டுதோ ருகையா. தேடிட்டு வருவாங்க. விசாரிச்சுட்டு உள்ளே விடுவோம்.”

ருகையா வாசலில் மண்டியிட்டு, முந்தானையால் அந்த வட்டக் கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளே ஒற்றைக் காலுறை ஒன்று கிடந்தது.

“விசாரிக்கலாம். அதுக்காக வாசல்லயே நிக்கவச்சா விசாரிக்கறது?” என்றாள். “அந்தக் கதவையும் திறங்க. தண்ணிக் குழாயை எங்கேயிருந்து இழுக்கலாம்னு பாருங்க.”

மொகுதூம் செருப்பு ஸ்டாண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஓமனா சேச்சி வீட்டில் ஸ்பேனர் கேட்கப் போனான். வாஷிங் மெஷின் தன் உடைந்த காலை வாசற்படிக்கு மேலே தூக்கிவைத்து உள்ளே நுழையும்வரை ஃப்ரிட்ஜ் வெளியிலேயே நின்றது.